பைப்பாலூட்டிகளின் உடலில் வாழும் சிற்றுண்ணிகள்: இளம் பருவங்களை இனங்காண்பது எப்படி?

ஆதிரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பிரிஸ்பேனில் முதுகலை ஆய்வு செய்து வருகிறேன். சாலையில் அடிபட்டு இறந்த தூரிகைவால் பொசம்களின் மயிரிலிருந்தும், பாண்டிகூட்டுகளின் காது மடல்களிலிருந்தும் உரிய அனுமதியுடன் சேகரிக்கப்பட்ட சிற்றுண்ணிகள் எங்கள் ஆய்வகத்தில் ஆல்கஹாலில் இருக்கின்றன. அவற்றை ஸ்லைடுகளில் ஏற்றி வகைப்படுத்துவது என் பொறுப்பு. பொசம் என்பது மரமேறும் பைப்பாலூட்டி. இங்கே பாண்டிகூட் என்பது நம் ஊர்ப் பெருச்சாளி அன்று. நீண்ட மூக்குடைய, குட்டியைப் பையில் சுமக்கும் விலங்கு.

சிக்கல் என்னவென்றால், கையில் உள்ள இனங்காண் திறவுகோல்கள் (பண்புகளைப் படிப்படியாக ஒப்பிட்டு இனத்தை அடையும் வழிகாட்டிகள்) யாவும் முதிர்ந்த பெண் உயிரிகளை வைத்தே எழுதப்பட்டுள்ளன. ஆஸ்திரேலிய முதுகெலும்பிகளில் வாழும் மீசோஸ்டிக்மேட்டா என்ற சிற்றுண்ணிப் பெரும்பிரிவைப் பற்றி ராபர்ட் டோம்ரோ 1988-இல் வெளியிட்ட பெரும் தொகுப்பிலும் பெண்ணின் இனப்பெருக்கத் தகடுதான் பெரும்பாலான இடங்களில் வழிகாட்டுகிறது. ஆனால் குப்பிகளில் கிடப்பவற்றில் பாதிக்கு மேல் இளம் பருவங்கள்: ஆறு கால்களுடன் சில, எட்டுக் கால்கள் இருந்தும் இனப்பெருக்கத் துளை இல்லாமல் பல. காது மடலிலிருந்து எடுத்த செம்மஞ்சள் நிற ஆறுகாலிகளோ மற்ற எதனோடும் ஒட்டவில்லை. இவற்றைப் பருவவாரியாகப் பிரிக்க நம்பகமான வழி என்ன? இளம் பருவத்தை மட்டும் வைத்து இனப்பெயர் எழுதுவது முறையாகுமா?

---

பேன்பார்ப்பவன் எழுதியது:

நல்ல கேள்வி, ஆதிரை. பயிர்ச் சிற்றுண்ணிகளோடு காலம் கழித்தவன் நான் என்றாலும், விலங்குகளின் மேல் வாழ்பவற்றையும் இடையிடையே பார்த்திருக்கிறேன். முதலில் கால்களை எண்ணத் தொடங்காதீர்கள். எந்தப் பெரும்பிரிவு என்று முடிவு செய்த பிறகே பருவத்துக்குப் போக வேண்டும். ஏனென்றால் எட்டுக் காலும் துளையின்மையும் ஒரு பிரிவில் ஒரு பொருளும் மற்றொரு பிரிவில் வேறொரு பொருளும் தரும்.

மீசோஸ்டிக்மேட்டாவில் முட்டைக்குப் பின் லார்வா (ஆறுகால் பருவம்), முதல் நிம்ஃப் (எட்டுக்கால் இளம் பருவம்), இரண்டாம் நிம்ஃப், முதிர்ச்சி என்ற வரிசை உண்டு. மூன்றாம் நிம்ஃப் கிடையாது. அஸ்டிக்மேட்டா என்ற மற்றொரு பெரும்பிரிவில் மூன்று நிம்ஃப்களும் கொள்கையளவில் உண்டு. ஆனால் முழுநேர ஒட்டுண்ணிகளாகிவிட்ட குடும்பங்களில் இரண்டாம் நிம்ஃப் அடியோடு மறைந்துவிட்டது. ஆகவே மயிரில் வாழும் அஸ்டிக்மேட்டா ஒன்றில் இரண்டு வகை நிம்ஃப்களைக் கண்டால், அவை முதலாவதும் மூன்றாவதுமே தவிர முதலாவதும் இரண்டாவதும் அல்ல. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

உங்கள் பொசம் குப்பியில் மீசோஸ்டிக்மேட்டா இருந்தால் அது டிரைக்கோசூரோலீலாப்ஸ் கிராசிப்பஸாக இருக்க வாய்ப்பு அதிகம். அடிலெய்டில் தெற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் உவாமர்ஸ்லி 1956-இல் பெயரிட்டது. ரோம வணிகத்துக்காகப் பொசம்களை நியூசிலாந்துக்குக் கொண்டுபோனபோது அதுவும் உடன் போய் அங்கேயும் நிலைத்துவிட்டது. ஆனால் பெயரைப் பிறகு பார்ப்போம். அடிப்பக்கத்தைத் திருப்பி, மார்புத் தகட்டில் உள்ள நுண்முட்களைச் சோடி சோடியாக எண்ணுங்கள். லார்வாவில் மூன்று சோடிகள் மட்டும் இருக்கும், மூச்சுத்துளை இராது, தகடுகள் இருந்தாலும் அவற்றின் விளிம்பு கண்ணுக்குப் பிடிபடாத அளவு வெளிறியிருக்கும். முதல் நிம்ஃபில் நான்காம் சோடிக் கால்களோடு மூச்சுத்துளையும் தோன்றும். அதிலிருந்து முன்னோக்கிச் செல்லும் பெரிட்ரீம் என்ற பள்ளம் குட்டையாக நின்றுவிடும். அதே பருவத்தில், பின்னாளில் இனப்பெருக்கத் துளை திறக்கப்போகும் இடத்தருகே ஒரு சோடி நுண்முள் முளைக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வரிசைப்படி ஐந்தாவது சோடியாக எண்ணப்படும் இது முந்திக்கொள்ள, நான்காவது சோடி அடுத்த பருவமான இரண்டாம் நிம்ஃபில்தான் வந்து சேரும். இடைவெளி இருந்தால் முதல் நிம்ஃப், நிரம்பியிருந்தால் இரண்டாம் நிம்ஃப் என்று பிரித்துவிடலாம்.

முதுகுப் பக்கமும் உறுதிப்படுத்தும். முதல் நிம்ஃபில் முன்பகுதிக்கு ஒரு தகடு, வால்பகுதிக்கு ஒரு சிறு தகடு, நடுவே மென்தோலில் சிதறிய சின்னஞ்சிறு தகடுகள். இரண்டாம் நிம்ஃபில் முன்னும் பின்னும் பெரும்பாலும் இணைந்து, பக்கவாட்டில் மட்டும் ஒரு வெட்டு எஞ்சியிருக்கும்.

---

கூர்க்கொம்பன் எழுதியது:

மதிப்புக்குரிய பேன்பார்ப்பவன் ஐயாவின் விளக்கத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இந்த உழைப்பு தேவைதானா என்பதே என் ஐயம். இளம் பருவம் என்பது முழு வளர்ச்சி பெறாத உடல்; முதிர்ந்த உயிரியில் உள்ள பண்புகளில் சில அதில் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். குறைபாடுகளை எண்ணிப் பட்டியலிடுவதைவிட, ஒரு காலிலிருந்து டிஎன்ஏ எடுத்து, முதிர்ந்த பெண்ணின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டால் எந்தப் பருவமானாலும் இனம் தெரிந்துவிடும். இந்தக் காலத்திலும் நுண்முள் எண்ணிக்கொண்டிருப்பது மரபுப் பற்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

---

பேன்பார்ப்பவன் எழுதியது:

கூர்க்கொம்பன், டிஎன்ஏவை நான் எதிர்க்கவில்லை. உடலின் புறக்கூட்டை உடைக்காமல் டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, மிஞ்சும் வெற்றுக் கூட்டையே ஸ்லைடில் ஏற்றும் முறை இப்போது பரவலாக இருக்கிறது. ஆதிரையின் ஆய்வகத்தில் வசதி இருந்தால் அவர் அதையே செய்யலாம். ஆனால் ஒப்பிட மறுபக்கம் ஒரு டிஎன்ஏ வரிசை வேண்டும் அல்லவா? பைப்பாலூட்டிகளின் சிற்றுண்ணிகளில் பெரும்பான்மையின் வகைமாதிரிகள் (இனப்பெயருக்கு ஆதாரமான மூல மாதிரிகள்) பல பத்தாண்டுகளுக்கு முன்பு பிசின் ஊடகத்தில் மூழ்கிய ஸ்லைடுகளாகவே அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றோடு பேச உருவமைப்பு ஒன்றுதான் மொழி.

அதைவிட, "முழு வளர்ச்சி பெறாத உடல்" என்ற உங்கள் சொற்றொடரைத்தான் நான் ஏற்கமாட்டேன். ஒரு சிற்றுண்ணியின் எந்தப் பருவம் ஓம்புயிரை, அதாவது தனக்கு இடம்தரும் விலங்கை, பற்றி வாழ்கிறதோ, அந்தப் பருவத்தின் உடலே அதற்கென மாறி நிற்கும். சிலவற்றில் அது லார்வா. சிலவற்றில் முதல் நிம்ஃப். சிலவற்றில் இரண்டாம் நிம்ஃப். அங்கெல்லாம் முதிர்ந்த உயிரிதான் எளிய உடல் கொண்டது. இளம் பருவம் நுணுக்கமானது.

அமெரிக்காவின் பைப்பாலூட்டிகளான ஒப்போசம்களில் வாழும் ஆர்னித்தோநிஸஸ் வெர்னெக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அது சேர்ந்த மேக்ரோநிஸிடே குடும்பத்தில் லார்வா உண்பதில்லை. முதல் நிம்ஃப் இரத்தம் குடிக்கும். இரண்டாம் நிம்ஃப் மீண்டும் பட்டினி. முதிர்ந்தது மீண்டும் குடிக்கும். முதல் நிம்ஃபின் முதுகுத் தகடுகள் ஏன் அவ்வளவு சிறியவை, நடுவில் ஏன் அவ்வளவு மென்தோல் என்பதற்கு இங்கே விடை கிடைக்கிறது. வயிறு நிறையக் குடித்து ஊதிப்போக அந்த மென்தோல் விரிய வேண்டும். தகடு வளரவில்லை என்று அதைக் குறைபாட்டுக் கணக்கில் எழுதுவது பொருந்தாது.

---

மருத்துவர்_செல்வி எழுதியது:

ஆதிரை குறிப்பிட்ட செம்மஞ்சள் ஆறுகாலிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அது என் பணியோடு தொடர்புடையது. விவரிப்பைப் பார்த்தால் அவை ட்ராம்பிக்குலிடே குடும்பத்தின் லார்வாக்கள். காது மடல் போன்ற மென்தோல் பகுதியில் கூட்டமாக ஒட்டியிருப்பது அவற்றின் வழக்கம். இந்தக் குடும்பத்தில் லார்வா மட்டுமே ஒட்டுண்ணி. அதன் பின் வரும் முதல் நிம்ஃப் அசைவற்ற உறைநிலை. இரண்டாம் நிம்ஃப் மண்ணில் சிறு கணுக்காலிகளையும் அவற்றின் முட்டைகளையும் வேட்டையாடும். மூன்றாம் நிம்ஃப் மறுபடி உறைநிலை. முதிர்ந்ததும் மண்ணிலேயே வேட்டை. எனவே விலங்கின் உடலில் இவற்றின் தாயையோ தந்தையையோ தேடிப் பயனில்லை.

தமிழ்நாட்டில் உண்ணிக் காய்ச்சல் என்று நாங்கள் அழைக்கும் ஸ்க்ரப் டைபஸை மனிதருக்குக் கடத்தும் லெப்டோட்ராம்பிடியம் டெலியென்ஸ் இதே குடும்பம்தான். அது வட ஆஸ்திரேலியாவிலும் உள்ளது. அங்கே எலிகளோடு பாண்டிகூட்டுகளும் அதன் ஓம்புயிர்கள். லார்வா தன் வாழ்நாளில் ஒரே ஒரு விலங்கில் ஒரே ஒரு முறைதான் உண்கிறது. அப்படியிருக்க, ஒரு விலங்கிலிருந்து எடுத்த கிருமியை அதே லார்வா இன்னொரு விலங்குக்குக் கொண்டுபோக வழியில்லை. கிருமி அடுத்தடுத்த பருவங்களைக் கடந்து, முட்டை வழியாக அடுத்த தலைமுறை லார்வாவுக்குச் சென்ற பிறகே கடியில் இறங்குகிறது.

இந்த லார்வா தோலுக்குள் புகுவதும் இல்லை. இரத்தம் குடிப்பதும் இல்லை. உமிழ்நீரால் தோலில் ஒரு குழாய் உருவாகி இறுக, அதன் வழியே கரைந்த திசுவையும் நிணநீரையும் உறிஞ்சுகிறது. அந்தக் குழாயின் துண்டு சில நேரம் வாயுறுப்போடு ஒட்டிக்கொண்டே ஸ்லைடுக்கு வந்துவிடும். அதை உடற்பகுதி என எண்ணி வரைந்துவிட வேண்டாம்.

---

பேன்பார்ப்பவன் எழுதியது:

மருத்துவர் அம்மா சொன்னதோடு உருவமைப்பைச் சேர்க்கிறேன், ஏனெனில் ட்ராம்பிக்குலிடேயின் வகைப்பாடு முழுவதும் லார்வாவின் மேலேயே கட்டப்பட்டது.

பசித்த நிலையில் சுமார் 0.2 மில்லிமீட்டர் இருக்கும் லார்வா உண்டபின் பன்மடங்கு பருத்துவிடும். ஆகவே உடலின் நீள அகலம் எதற்கும் உதவாது. மாறாதது முதுகின் முன்பகுதியில் உள்ள ஒரே ஒரு சிறு தகடுதான், ஸ்கூட்டம் என்பார்கள். பெரிதாக்கிப் பாருங்கள்: பல பேரினங்களில் அதன் மேல் முன்விளிம்பின் நடுவில் ஒரு நுண்முள், முன்மூலைகளில் ஒவ்வொன்று, பின்மூலைகளில் ஒவ்வொன்று என ஐந்து கிளைத்த நுண்முட்கள் இருக்கும். இவற்றிடையே இரண்டு குழிகள். ஒவ்வொரு குழியிலிருந்தும் ஓர் உணரிழை எழும். லெப்டோட்ராம்பிடியத்தில் அந்த இழை சாட்டைபோல மெலிந்து நீண்டது. வேறு சில பேரினங்களில் நுனி தடித்துக் குண்டாக இருக்கும். முன்மூலை நுண்முட்களின் இடைவெளி, பின்மூலை நுண்முட்களின் இடைவெளி, உணரிழைக் குழிகளின் இடைவெளி ஆகியவற்றை மைக்ரானில் அளந்து எழுதுவதே இத்துறையின் அன்றாடம். உணரிழைகள் எளிதில் உதிரும். குழி மட்டும் எஞ்சியிருந்தால் அதைக் குறிப்பில் எழுதிவிடுங்கள். வாயருகே உள்ள பால்ப் என்ற உணர்வுறுப்பின் நுனி நகத்தையும் பாருங்கள்: லெப்டோட்ராம்பிடியத்தில் அது மூன்றாகப் பிளந்தது, யூட்ராம்பிக்குலாவில் இரண்டாக.

இனப்பெயர் எழுதலாமா என்ற கேள்விக்கும் இங்கே விடை இருக்கிறது. விலங்கியல் பெயரிடல் விதிகள் எந்தப் பருவத்தையும் வகைமாதிரியாக ஏற்கின்றன. ட்ராம்பிக்குலிடேயில் பெயர்களே பெரும்பாலும் லார்வாவுக்கு உரியவை. அங்கே தயங்க வேண்டாம். ஆஸ்திரேலிய இனங்களுக்கு டோம்ரோவும் லெஸ்டரும் 1985-இல் வெளியிட்ட பட்டியலும் திறவுகோலும் லார்வாக்களுக்காகவே எழுதப்பட்டவை. மீசோஸ்டிக்மேட்டா நிம்ஃப்களுக்கு அந்த வசதி இல்லை. அதே விலங்கின் அதே குப்பியில் ஒரே இனத்தின் பெண்கள் இருந்தால் "அநேகமாக இன்னது" என்று எழுதலாம். இரண்டு இனங்கள் கலந்திருந்தால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

---

கூர்க்கொம்பன் எழுதியது:

லார்வா மட்டும் ஒட்டுண்ணி என்பதில் உங்கள் வாதம் வலுவாக நிற்கிறது, ஏற்கிறேன். ஆனால் இரண்டாம் நிம்ஃப் மட்டும் விலங்கின் மேல் இருப்பது என்றீர்களே, அதற்குப் பைப்பாலூட்டிகளிடம் எடுத்துக்காட்டு உண்டா? உண்ணாத பருவம் ஒன்று விலங்கின் மேல் இருந்தால் அதை ஒட்டுண்ணி என்று எப்படி அழைப்பது? அது வெறும் பயணி.

---

பேன்பார்ப்பவன் எழுதியது:

எடுத்துக்காட்டு இரண்டு தருகிறேன். இரண்டாவது உங்கள் "வெறும் பயணி"யைச் சற்றுச் சிக்கலாக்கும்.

அஸ்டிக்மேட்டாவில் கூடுகளிலும் வளைகளிலும் சுதந்திரமாக வாழும் குடும்பங்களுக்கு இரண்டாம் நிம்ஃப் உண்டு. ஹைப்போபஸ் என்று பெயர். அதற்கு வாய் கிடையாது. வாயுறுப்புப் பகுதி ஒரு சிறு குமிழாகச் சுருங்கியிருக்கும். முந்தைய நிம்ஃபையும் பிந்தைய நிம்ஃபையும் பக்கத்தில் வைத்தால் மூன்றும் ஒரே இனம் என்று யாரும் நம்பமாட்டார்கள். பூச்சிகளில் தொற்றிச் செல்லும் ஹைப்போபஸ்களுக்கு அடிவயிற்றின் பின்பகுதியில் உறிஞ்சான்கள் நிறைந்த தகடு இருக்கும். பாலூட்டியின் மயிரில் உறிஞ்சான் ஒட்டாது. எனவே அமெரிக்க ஒப்போசம்களின் மயிரில் காணப்படும் மார்சுபியாலிக்கஸ் போன்றவற்றில் அதே இடம் ஒற்றை மயிரிழையை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் மடல்களாக மாறியுள்ளது. இந்தப் பேரினத்தை பெல்ஜிய ஆய்வாளர் அலெக்ஸ் ஃபெய்ன் பெயரிட்டதே ஹைப்போபஸை வைத்துத்தான்.

இது பயணி என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் ஊர்ப் பொசமிலேயே, ஆதிரை, மார்சுபியோபஸ் டிரைக்கோசூரி என்ற இனத்தின் ஹைப்போபஸ் மயிரின் மேலன்றி மயிர்க்காலின் குழிக்குள்ளேயே தங்குகிறது. மயிரைக் கவ்வ வேண்டிய தேவை அங்கே இல்லை. குழிக்குள் வாழ்பவற்றில் உடல் பைபோலவும் கால்கள் குறுகியும் இருக்கும். கவ்வும் மடல்கள் தேய்ந்துவிடும். திசுவுக்குள் தங்கும் ஓர் உயிரியை வாய் இல்லை என்ற ஒரே காரணத்தால் பயணி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. மயிரைச் சீவி எடுத்தால் இது கிடைக்காது. தோல் துண்டைக் கரைத்தோ மயிர்க்காலோடு பிடுங்கியோதான் பார்க்க வேண்டும்.

---

ஹோபார்ட்_குமரன் எழுதியது:

டாஸ்மேனியாவிலிருந்து எழுதுகிறேன். இதுவரை பேசியவை யாவும் ஏதோ ஒரு பருவம் மட்டும் சிறப்பாக மாறியவை. எல்லாப் பருவங்களும் ஒரே தோலில் வாழும் சார்காப்டிஸ் ஸ்கேபியை என்ற சிற்றுண்ணியும் இந்த உரையாடலில் இடம்பெற வேண்டும். மனிதருக்குச் சிரங்கு தரும் அதே இனம் இங்கே வளை தோண்டி வாழும் பைப்பாலூட்டிகளான வோம்பாட்டுகளைக் கொன்றுகொண்டிருக்கிறது. நரவந்தாப்பு தேசியப் பூங்காவில் 2010-க்கும் 2017-க்கும் இடையே வோம்பாட்டுகளின் எண்ணிக்கை 94 விழுக்காடு சரிந்தது.

தோல் சுரண்டலைப் பார்க்கும்போது முதிர்ந்த பெண்ணை எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள்: உருண்டை உடல், முதுகில் முக்கோணச் செதில்கள், முன்னிரண்டு சோடிக் கால்களின் நுனியில் காம்புள்ள உறிஞ்சான், பின்னிரண்டு சோடிகளின் நுனியில் நீண்ட இழை. ஆணில் நான்காம் சோடியிலும் உறிஞ்சான் உண்டு. லார்வாவில் முன்னிரண்டு சோடிகளில் உறிஞ்சானும் மூன்றாம் சோடியில் நீண்ட இழையும் இருக்கும். அதாவது பிடிக்கும் கால்கள் முட்டையிலிருந்து வெளிவரும்போதே தயார். நிம்ஃப்களில் நான்காம் சோடி சேரும், அதிலும் இழைதான். எனவே நான்காம் சோடியில் உறிஞ்சானைக் கண்டால் அது நிம்ஃப் ஆகாது, ஆண். அளவில் ஆணும் நிம்ஃபும் நெருங்கியே வருவதால் கள ஆய்வில் இந்த ஒரு பண்பு எனக்கு மிகவும் கைகொடுக்கிறது.

எண்ணிக்கையைவிடப் பருவக் கலவை முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு விலங்கில் முதிர்ந்த சில உயிரிகள் மட்டும் கிடைத்தால், அவை வேறெங்கிருந்தோ தொற்றியவையாகவும் இருக்கலாம். முட்டையும் லார்வாவும் நிம்ஃபும் சேர்ந்தே கிடைத்தால், அந்த விலங்கின் மேல் இனப்பெருக்கம் நடக்கிறது என்பதில் ஐயமில்லை. வளைக்குள் குளிர்ச்சியும் ஈரமும் இருப்பதால் உதிர்ந்த சிற்றுண்ணிகள் அங்கே சில காலம் உயிரோடு இருந்து அடுத்து நுழையும் வோம்பாட்டைப் பற்றிக்கொள்கின்றன.

சார்காப்டிஸின் தனித்தனி வடிவங்கள் தனி இனங்களா என்ற பழைய வழக்கில், ஃபெய்ன் 1968-இல் ஏராளமான ஓம்புயிர்களின் மாதிரிகளை ஒப்பிட்டு, எல்லாம் மாறுபாடு மிகுந்த ஒரே இனம் என்ற முடிவுக்கு வந்தார். முதுகுச் செதில்களின் பரப்பை வைத்து மட்டும் புது இனம் படைக்கப் புறப்படுவோர் அதை ஒரு முறை நினைத்துக்கொள்வது நல்லது.

---

ஆதிரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. குமரன் அண்ணா சொன்ன பருவக் கலவை என் பொசம் குப்பிகளுக்கு அப்படியே பொருந்துகிறது. மயிரைச் சீவி எடுத்ததில் நீள உடலும், முன்கால்களின் அடியில் வரிவரியான படலமும் கொண்ட அஸ்டிக்மேட்டா நிறைய இருக்கின்றன. அட்டோபோமெலிடே குடும்பம் என்று வைத்திருக்கிறேன். ஆறுகால் லார்வாவிலும் அந்தப் படலம் தெரிகிறது. சில ஸ்லைடுகளில் ஆண் ஒன்று தன் பின்பகுதியால் சிறியதொரு நிம்ஃபைப் பற்றியபடியே ஏறிவிட்டது. அவற்றைப் பிரிக்க முயன்றால் கால்கள் ஒடிகின்றன. அப்படியே விட்டுவிடலாமா?

---

பேன்பார்ப்பவன் எழுதியது:

பிரிக்காதீர்கள். அந்தச் சோடி உங்களுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. மயிர்வாழ் அஸ்டிக்மேட்டாவில் ஆண், பெண்ணாக மாறவிருக்கும் மூன்றாம் நிம்ஃபைப் பிடித்துக் காவல் காப்பது வழக்கம். அது தோலுரித்து முதிர்ந்ததும் இணை சேரும். ஆகவே ஆணின் இனம் தெரிந்தால், அதன் பிடியில் உள்ள நிம்ஃபின் இனத்தையும் பருவத்தையும் அது ஆணா பெண்ணா என்பதையும் ஒருசேர நம்பிக்கையோடு எழுதலாம். மீசோஸ்டிக்மேட்டா நிம்ஃப்களை முதிர்ந்தவற்றோடு உறுதியாக இணைக்க வசதி இல்லை என்று முன்பு சொன்னேன் அல்லவா, இங்கே அந்தச் சான்றை உயிரியே கையில் கொடுக்கிறது. அந்த நிம்ஃபின் நுண்முட்களை முழுதாக வரைந்துவைத்தால், தனியாகக் கிடக்கும் மற்ற மூன்றாம் நிம்ஃப்களை அதோடு ஒப்பிடலாம். எஞ்சிய சிறியவை முதல் நிம்ஃப்கள்.

லார்வாவிலேயே கவ்வும் படலம் இருப்பதும் எதிர்பார்க்கத் தக்கதே. இவை ஒரு பருவத்திலும் மயிரை விட்டு இறங்குவதில்லை. பிடி தவறினால் உயிர் போயிற்று. கோவாலாவில் வாழும் கோவாலாகைரஸ் பெர்கின்ஸியும் இதே குடும்பம். கோவாலா கூடு கட்டாமல் மரக்கவட்டில் உறங்கும் விலங்கு. அதன் சிற்றுண்ணிக்கு இளமையைக் கழிக்க வேறு இடமும் இல்லை. பாண்டிகூட்டோ தரையில் இலைதழை கொண்டு கூடு அமைப்பது. அதன் மீசோஸ்டிக்மேட்டாவில் சில பருவங்கள் விலங்கின் மேல் கிடைக்காவிட்டால் கூட்டையும் சலித்துப் பாருங்கள்.

---

கூர்க்கொம்பன் எழுதியது:

அந்தச் சோடிகளில் ஒன்றிரண்டையாவது ஸ்லைடில் ஏற்றாமல் ஆல்கஹாலில் வைத்திருங்கள், ஆதிரை. ஆணும் நிம்ஃபும் ஒரே வரிசையைத் தருகின்றனவா என்று பார்த்தால், ஐயாவின் வாதத்துக்கு என் கட்சியிலிருந்தே சான்று கிடைக்கும். அதோடு மயிர்க்கால் குழிக்குள் வாழும் மற்றொன்றையும் விட்டுவிட வேண்டாம். அன்டெகைனஸ் என்ற சிறு பைப்பாலூட்டியிலிருந்து நட்டிங்கும் சுவெட்மனும் 1970-இல் விவரித்த டெமோடெக்ஸ் அன்டெகைனியின் உறவினங்கள் பிற விலங்குகளிலும் இருக்கக்கூடும். அன்டெகைனஸ் ஆண்கள் ஒரே இனச்சேர்க்கைப் பருவத்தோடு கூட்டமாக இறந்துவிடுவதால், உரிய நேரத்தில் பெண்ணுக்கோ குட்டிக்கோ தாவாத டெமோடெக்ஸ் அவற்றோடு அழியும். டெமோடெக்ஸ் லார்வாவின் கால்கள் வெறும் முளைகள். அடிப்பக்கத்தில் கால்களுக்கிடையே சோடி சோடியாக உள்ள நுண்தகடுகளைப் பார்த்தால் இளம் பருவம் என உறுதி செய்யலாம். முதிர்ந்தவற்றில் அவை இரா.

---

பேன்பார்ப்பவன் எழுதியது:

அருமையான யோசனை, கூர்க்கொம்பன்.

கடைசியாக ஸ்லைடு தயாரிப்பு. இளம் பருவங்களை முதிர்ந்தவற்றோடு ஒரே கிண்ணத்தில் தெளிவாக்க வேண்டாம். முதிர்ந்த பெண்ணின் தகடு ஊடுருவத் தெரியும்வரை லாக்டிக் அமிலத்தில் சூடாக்கினால், அருகில் கிடக்கும் லார்வா கூழாகிச் சுருங்கிவிடும். லார்வாவுக்கு அறை வெப்பத்திலேயே லாக்டிக் அமிலம் போதும். உள்ளே இருப்பவை கரைந்ததும் எடுத்துவிடுங்கள். இரத்தம் நிரம்பிய முதல் நிம்ஃபுகளுக்கு உடலின் பின்பகுதியில் நுண்ணிய ஊசியால் ஒரு துளையிட்டால் கருமை வேகமாக வெளியேறும். தகடுகள் இருக்கும் இடத்தில் குத்திவிடாதீர்கள். ஹோயர் ஊடகம் என்ற ஸ்லைடில் பதிக்கும் திரவத்தில் ஏற்றி, மிதமான வெப்பத்தில் நன்கு உலர்த்தி, விளிம்பை அடைத்துவிடுங்கள். வெளிறிய தகடுகளின் விளிம்பைச் சாதாரண ஒளியில் தேடிக் கண்களை வருத்திக்கொள்ளாமல், கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கியில் பாருங்கள்.

முதுகு மேலாகச் சிலவும் வயிறு மேலாகச் சிலவும் ஏற்றுங்கள். லேபிளில் இனப்பெயருக்கு முன்பே பருவத்தை எழுதுங்கள்: விலங்கு, உடலின் எந்தப் பகுதி, இடம், நாள், பருவம். பெயர் பிறகு மாறலாம். காது மடலா வாலடியா என்பதைப் பின்னால் வருபவர் ஸ்லைடைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.